அறுபது வினாடி: தோட்டத்துக் குத்துச்சண்டை வீரர் ஒருவரின் 24-ஆம் வயதும் 41-ஆம் வயதும்

பேராக் மாநிலம் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மருத்துவ உதவியாளராக, தோட்டத்து மக்கள் வாயில் 'டிரெசராக', வேலை பார்த்தேன். பகலில் காய்ச்சலும் வெட்டுக்காயமும் பார்த்த கைகளாலேயே மாலையில் தோட்ட மண்டபத்தில் பிள்ளைகளுக்குக் கையுறை கட்டிவிட்டேன். இரண்டு வேலையும் கலந்ததில் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. சுற்று முடிந்து மணி அடித்த கணமே வீரரின் கழுத்து நாடியில் விரல் வைத்து 15 வினாடி எண்ணுவேன். ஒரு நிமிட ஓய்வின் கடைசி 15 வினாடியில் மறுபடியும் எண்ணுவேன். இரண்டையும் நான்கால் பெருக்கி, நீளப் பேரேட்டில் தேதியோடு எழுதிவைப்பேன். இந்த ஆய்வுக்கு உரியவரின் 24-ஆம் வயதுக் கணக்கும் 41-ஆம் வயதுக் கணக்கும் அந்தப் பேரேடுகளில்தான் இருக்கின்றன. ஒரே மனிதரை, ஒரே மண்டபத்தில், ஒரே கை, 17 ஆண்டு இடைவெளியில் அளந்த கணக்கு எளிதில் வாய்ப்பதில்லை என்பதால், அவருடைய சம்மதத்தோடு, பெயரைத் தவிர்த்து இதை எழுதுகிறேன்.

வயது ஏறும் வீரரைப் பற்றிப் பேசும்போது குத்தின் பலம் குறைந்ததா, கால் தளர்ந்ததா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். என் பேரேடு காட்டுவது வேறு. வயது முதலில் கைவைப்பது மீளும் வேகத்தில். சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே உள்ள அறுபது வினாடியிலும், பயிற்சிக்கும் பயிற்சிக்கும் நடுவே உள்ள இரவிலும், போட்டிக்குப் பிந்தைய நாட்களிலுமே அது தெளிவாகத் தெரிகிறது.

வீரரின் பின்னணி

அவருடைய தந்தை பால்மரம் வெட்டியவர். தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறியபின் குடும்பம் லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டை, விட்டுப் பட்டணத்து ஓரத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) மலிவு வீடொன்றுக்குக் குடிபெயர்ந்தது. 1998-இல் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில் சரவாக்கைச் சேர்ந்த சப்போக் பிகி குத்துச்சண்டையில் தங்கம் வென்றபோது இவருக்கு 15 வயது. அதைத் தொலைக்காட்சியில் பார்த்த ஆண்டுதான் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தார். 2007-இல் 24 வயதில், 64 கிலோ பிரிவில், மாநில அளவில் நல்ல நிலையில் இருந்தார். 2010-இல் திருமணத்துக்குப் பின் கையுறையைக் கழற்றியவர், 2024 ஜனவரியில் மீண்டும் என் முன்னால் வந்து நின்றார். வயது 41, எடை 81 கிலோ. அவர் பார்க்கும் வேலை செம்பனைக் குலை வெட்டுவது. நீண்ட அலுமினியக் கழியின் நுனியில் கட்டிய அரிவாளால் அண்ணாந்து வெட்டி, ஒவ்வொன்றும் 15 முதல் 25 கிலோ வரை கனக்கும் குலைகளை, நாளுக்கு நூறுக்குக் குறையாமல் இறக்கி, தள்ளுவண்டியில் ஏற்றிச் சாலையோரம் சேர்க்க வேண்டும்.

"மாஸ்டர், இன்னும் ஒரே ஒரு தடவை ரிங் ஏறிட்டு வந்துடறேன்" என்றார். அமெச்சூர் குத்துச்சண்டையின் பன்னாட்டு விதிகளில் வயது வந்தோர் பிரிவு 19-இல் தொடங்கி 40-இல் முடிந்துவிடுகிறது. ஆகவே அதிகாரபூர்வப் போட்டி அவருக்கு இல்லை. ஈப்போவில் ஜூலை மாதம் தனியார் ஒருவர் ஏற்பாடு செய்திருந்த நட்புப் போட்டி ஒன்று இருந்தது. 3 நிமிடம் வீதம் 3 சுற்று. எதிராளிக்கு வயது 27.

மருத்துவச் சோதனை முடியாமல் கயிற்றைக்கூடத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். விளையாட்டு வீரர்களின் திடீர் மரணத்துக்கு 35 வயதுக்குக் கீழே பெரும்பாலும் பிறவியோடு வந்த இதயக் குறைகள் காரணமாகின்றன. 35-ஐத் தாண்டியபின் முதற்காரணம் இதயத் தமனி அடைப்பு. நம்மவர்களுக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும். 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அந்த விகிதம் அதைவிட மிகவும் அதிகம். தெற்காசிய வம்சாவளியினருக்கு இதய அடைப்பு மற்றவர்களைவிட இளவயதிலேயே வருவதும் தெரிந்ததே. குலை வெட்டுகிறவன் உடம்புக்கு நோய் வராது என்று தோட்டத்தில் சொல்வார்கள். அப்படிச் சொன்னவர்களில் சிலரை நானே ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன்.

இவருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 6.4 மில்லிமோல்; இது நீரிழிவின் வாசற்படி. இரத்த அழுத்தம் 142/90. ஈ.சி.ஜி.யும் நடைபட்டையில் ஓடவைத்து எடுக்கும் இதயச் சோதனையும் குறையில்லாமல் இருந்தன. கண் விழித்திரையையும் மூளை ஸ்கேனையும் பார்த்தபிறகே மருத்துவர் பயிற்சிக்குச் சம்மதித்தார். மூளை ஸ்கேன் எதற்கு என்று அவருடைய மனைவி கேட்டார். அதற்கான பதிலைப் பின்னால் எழுதுகிறேன்.

முதல் அளவு

பிப்ரவரி இரண்டாம் வாரம், மணல்மூட்டையில் 3 நிமிடம் வீதம் 3 சுற்று, இடையில் ஒரு நிமிட ஓய்வு. மண்டபத்துப் பையன் ஒருவன் பக்கத்தில் நின்று விழுந்த குத்துகளை எண்ணினான்.

முதல் சுற்றில் 148 குத்து, இரண்டாவதில் 112, மூன்றாவதில் 79. நாடி முதல் சுற்று முடிவில் 172-ஆக இருந்து ஓய்வு முடிவில் 148-க்கு இறங்கியது. இரண்டாம் சுற்றுக்குப்பின் 176-இலிருந்து 156. மூன்றாவதுக்குப்பின் 176-இலிருந்து 164. அதாவது இறக்கம் 24, 20, 12 என்று சுருங்கிக்கொண்டே வந்தது.

2007-ஆம் ஆண்டுப் பேரேட்டை எடுத்துப் பார்த்தேன். அந்நாளில் அமெச்சூர் போட்டி 2 நிமிடம் வீதம் 4 சுற்றாக நடந்தது. 2009-இல்தான் 3 நிமிடம் வீதம் 3 சுற்றாக மாறியது. ஆனால் மூட்டைப் பயிற்சிக்கு நான் எப்போதும் 3 நிமிடச் சுற்றையே வைத்திருந்ததால் இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடிகிறது. 24 வயதில் மூன்றாம் சுற்று முடிவில் 188; ஒரு நிமிடம் கழித்து 144. இறக்கம் 44.

உச்சம் 188-இலிருந்து 176-க்கு வந்திருக்கிறது; குறைவு 12. இறக்கமோ 44-இலிருந்து 12-க்கு வந்திருக்கிறது, குறைவு 32. இந்த இரண்டு குறைவும் ஒரே வகையானவை அல்ல என்பதைப் புரிந்துகொள்ளாமல் வயதான வீரருக்குப் பயிற்சி கொடுக்க முடியாது.

உச்சத் துடிப்பின் இறக்கம் வயதுக்கே உரியது. இதயத்தில் துடிப்பைத் தொடங்கிவைக்கும் கணுவின் உயிரணுக்கள் ஆண்டுதோறும் குறைகின்றன. அட்ரினலின் தட்டும்போது இதயம் முன்போல் துள்ளிக் குதிப்பதுமில்லை. 220-இலிருந்து வயதைக் கழிக்கும் பழைய கணக்கைவிட, 208-இலிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழிக்கும் கணக்கு பெரியவர்களுக்கு நெருக்கமாக வருகிறது. அதன்படி 24 வயதுக்கு 191, 41 வயதுக்கு 179. ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு மாறலாம் என்றாலும், இவருடைய 188-உம் 176-உம் அந்தக் கோட்டை ஒட்டியே ஓடுகின்றன. எவ்வளவு ஓடினாலும் இந்தப் பன்னிரண்டு துடிப்பு திரும்பி வராது. உச்சத் துடிப்பு குறைந்தால் நிமிடத்துக்கு இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் உச்ச அளவும் குறையும். தசைகளுக்குப் போகும் ஆக்சிஜனின் உச்சவரம்பும் அதோடு இறங்கும். பயிற்சியில்லாதவர்களிடம் 30 வயதுக்குப்பின் இந்த ஆக்சிஜன் ஏற்புத் திறன் பத்தாண்டுக்கு ஏறக்குறைய 10 விழுக்காடு சரிகிறது; விடாமல் கடும் பயிற்சி செய்பவர்களிடம் அந்தச் சரிவு சுமார் பாதியாக இருக்கிறது. இவர் 14 ஆண்டு விட்டுவிட்டவர்.

ஓய்வில் துடிப்பு இறங்குவது வேறு கதை. மணி அடித்து உட்கார்ந்ததும் இதயத்தைத் தணிப்பது வேகஸ் நரம்பு; வண்டியின் பிரேக்போல அது வேலை செய்கிறது. வயது, கூடிய எடை, ஏறிய சர்க்கரை, குறைந்த தூக்கம் எல்லாமே அந்தப் பிரேக்கைத் தேயவைக்கின்றன. உழைப்பை நிறுத்திய முதல் நிமிடத்தில் 12 துடிப்புக்கு மேல் இறங்காத இதயத்தை மருத்துவர்கள் கவலையோடு பார்ப்பதற்கு இதுவே காரணம். மருத்துவமனையில் எடுக்கும் அளவும் மணல்மூட்டைக்கு அருகே நான் விரலால் எண்ணும் அளவும் ஒன்றாகிவிடாது. நான் 15 வினாடிச் சராசரியை எடுப்பதால் உண்மையான இறக்கம் சற்று மறைந்தும் போகும். ஆனாலும் 12 என்ற எண்ணைப் பேரேட்டில் எழுதும்போது என் கை கொஞ்சம் நின்றது.

தசைக்குள்ளும் இதே கதைதான். பளிச்சென்று நாலைந்து குத்துகளைத் தொடர்ந்து விடுவதற்கான எரிபொருள் தசையில் உள்ள பாஸ்போகிரியேட்டின். சில வினாடிகளில் தீர்ந்துபோகும் அந்தச் சேமிப்பு ஆக்சிஜனைக் கொண்டு மறுபடி நிரம்புகிறது. நல்ல பயிற்சியில் இருக்கும் இளைஞருக்கு ஏறத்தாழ அரை நிமிடத்தில் பாதி நிரம்பிவிடும். ஆக்சிஜனைக் கையாளும் மைட்டோகாண்ட்ரியா தேய்ந்திருந்தால் அதற்கு இன்னும் நேரமாகும். குத்துச்சண்டை வெடித்து வெடித்து அடங்கும் விளையாட்டு என்பதால் மூச்சுப் பயிற்சியால் பெரிய பயன் இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் மூன்று சுற்று அமெச்சூர் சண்டையில் செலவாகும் ஆற்றலில் முக்கால்வாசிக்கு மேல் ஆக்சிஜன் வழியாகத்தான் வருகிறது. குத்து ஒரு நொடி வேலை. அந்தக் குத்தை மறுபடி மறுபடி விடவைப்பது மூச்சு.

என் தவறு

இங்கே நான் செய்த தவறை எழுதியாக வேண்டும். எண்கள் இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் 2007-இல் அவருக்குக் கொடுத்த அட்டவணையையே மறுபடியும் கொடுத்தேன். வாரத்துக்கு ஆறு நாள், அதில் மூன்று நாள் ஸ்பாரிங் (இன்னொரு வீரரோடு பயிற்சிச் சண்டை), விடிகாலையில் வேக ஓட்டம். முதல் நான்கு வாரம் அவர் முகத்தைச் சுளிக்காமல் செய்தார். ஐந்தாம் வாரம் ஸ்கிப்பிங் செய்துகொண்டிருக்கும்போது வலது குதிகால் நாணைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். நல்லவேளையாக நாண் அறுபடவில்லை, வீங்கியிருந்தது. இரண்டு வாரம் ஓட்டம் நின்றது.

அவர் காலை நாலரை மணிக்கு எழுந்து, ஆறு மணிப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குமுன் ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு, போய், வெயில் ஏறும்வரை குலை வெட்டிவிட்டுத்தான் என்னிடம் வருகிறார் என்பதைச் சுமையாக நான் கணக்கில் எடுக்கவேயில்லை. 24 வயதில் அவர் கடையில் வேலை பார்த்தார். அந்த வயதின் தசைநாண் நெகிழ்ச்சியும் வேறு. வயதோடு தசைநாணில் உள்ள கொல்லாஜன் இழைகள் இறுகிப் பழுதுபார்ப்பு மெதுவாகிறது; ஆழ்ந்த உறக்கத்தின் பங்கு குறைகிறது; சாப்பிட்ட புரதத்திலிருந்து தசை தன்னைக் கட்டிக்கொள்ளும் வேகமும் மந்தமாகிறது. அதே பயிற்சிதான், ஆனால் இரவு போதவில்லை. அவருடைய மனைவி மண்டபத்துக்கே வந்து, "அண்ணே, ராத்திரி புரண்டுபுரண்டு படுக்கிறாரு, கால் இழுத்துக்குது" என்று சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. காலையில் கண்விழித்ததும் படுக்கையிலேயே நாடி பார்த்து எழுதும்படி அன்றிலிருந்து அவரிடம் ஒரு சிறு நோட்டைக் கொடுத்தேன். இந்த நிகழ்வில் எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள கருவி அந்த ஒரு வெள்ளி (ரிங்கிட்) விலை நோட்டுதான்.

மாற்றிய முறை

கடும் பயிற்சி வாரத்துக்கு மூன்று நாளாகக் குறைந்தது. காலை நாடி வழக்கத்தைவிட ஏழெட்டுத் துடிப்பு கூடியிருந்தால் அன்று கடும் பயிற்சி இல்லை. நிழற்சண்டையும் நீட்டலும் மட்டும். வாரத்துக்கு இரண்டு நாள் செம்மண் சாலையில், பேசிக்கொண்டே ஓடக்கூடிய நிதானத்தில், 40 முதல் 50 நிமிட ஓட்டம். சுற்றுப் பயிற்சியில் இலக்கையே மாற்றினேன். எத்தனை குத்து விட்டாய் என்று கேட்பதை நிறுத்திவிட்டு, ஓய்வில் எத்தனை துடிப்பு இறங்கியது என்று கேட்டேன். இறக்கம் 20-க்குக் கீழே போனால் அந்த நாளின் சுற்றுகள் அத்தோடு முடிந்தன.

வாரத்துக்கு இரண்டு முறை கனமான எடையைக் குறைந்த தடவை தூக்கும் பயிற்சியும், மருந்துப்பந்து எனப்படும் கனமான பயிற்சிப் பந்தைச் சுவரில் விசையோடு எறியும் பயிற்சியும் சேர்ந்தன. காரணம் இது. தசையில் வேக இழை, நிதான இழை என்று இரண்டு வகை உண்டு. வயது ஏற ஏற வேக இழைகளை இயக்கும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக மடிகின்றன. அப்படி ஆளற்றுப்போன இழைகளில் சிலவற்றைப் பக்கத்து நரம்பு தத்தெடுத்துக்கொள்கிறது. ஆனால் அது பெரும்பாலும் நிதான நரம்பு, ஆகவே இழையும் நிதானமாகிவிடுகிறது. 30 வயதுக்குப்பின் பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை தசை குறைகிறது என்பது பொதுக் கணக்கு. விசை, அதாவது பலத்தை வேகமாக வெளியிடும் திறன், அதைவிட விரைவாகக் குறைகிறது. வேகத்தோடு இயக்கினால்தான் மிஞ்சிய வேக இழைகள் விழித்திருக்கும். குலை வெட்டும் வேலை தோளுக்கும் முதுகுக்கும் பலம் கொடுத்திருந்தது. அந்த வேகத்தை அது கொடுக்கவில்லை.

சாப்பாட்டில் பெரிய புரட்சி எதுவுமில்லை. எடைக்கு ஏற்ப நாளுக்கு 120 கிராம் புரதம் என்று வைத்து, அதை ஒரே வேளையில் கொட்டாமல் நான்காகப் பிரித்தோம். வயதானவரின் தசைக்கு வேளைக்கு வேளை கூடுதல் புரதம் கிடைத்தால்தான் அது விழித்துக்கொள்ளும். முட்டை, பருப்பு, கெம்போங் மீன், சோயாவில் செய்த தௌஹு, தெம்பே எல்லாம் வீட்டில் உள்ளவைதான். மூன்று வேளை இனிப்பு மைலோவும் தே தாரிக்கும் (இனிப்புப் பால் தேநீர்) நின்றதே சர்க்கரையை இறக்கப் பெரிதும் உதவியிருக்கும் என்று நினைக்கிறேன்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. 32, 33 டிகிரியும் நனைந்த துணிபோன்ற காற்றும் உள்ள நம் ஊரில் வியர்வை ஆவியாவதே கடினம். வயதோடு தாக உணர்வும் மங்குகிறது; உடம்பு வறண்டபின்னும் தாகம் எடுப்பதில்லை. ஒன்றரை மணி நேரப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்ததில் 1.4 கிலோ குறைந்திருந்தது. அவரோ தாகமே இல்லை என்றார். அன்றிலிருந்து தாகத்தை நம்பாமல் கடிகாரத்தை நம்பி, சிட்டிகை உப்புக் கலந்த தண்ணீரைக் குடிக்கவைத்தேன்.

பழைய 64 கிலோவைப் பற்றி அவருக்கு ஒரு ஆசை இருந்தது. அதற்கு நான் இடம் கொடுக்கவில்லை. 75 கிலோவில் சண்டை என்று ஏற்பாட்டாளரிடம் முன்பே பேசி முடித்துவிட்டேன். ஐந்து மாதத்தில் 6 கிலோ இறக்குவது உடம்புக்கு நியாயம். போட்டிக்கு முந்தைய இரவு பிளாஸ்டிக் சட்டை போட்டு வியர்க்கவைத்து எடை இறக்கும் வழக்கம் இளைஞருக்கே கேடு. நாற்பதைக் கடந்தவருக்கு அது மூளையோடு விளையாடுவது.

மூளை ஸ்கேன் ஏன் என்ற கேள்விக்கான பதிலும் இதுவே. வயதோடு மூளை சற்றுச் சுருங்குகிறது. மூளைக்கும் அதன் உறைக்கும் இடையே பாலம்போல் ஓடும் சிறு சிரைகள் அதனால் இழுபட்டு நிற்கின்றன. இளவயதில் தலைவலியோடு போகக்கூடிய ஒரு குத்து, அந்த இழுபட்ட சிரையை அறுத்து உறைக்குக் கீழே இரத்தம் கசியவிடலாம். சில நேரம் அது வாரக்கணக்கில் மெல்லக் கசியும். இது தவிர, ஆண்டுக்கணக்கில் வாங்கிய குத்துகள் சேர்ந்து நினைவையும் நடையையும் குலைப்பதை அமெரிக்க மருத்துவர் மார்ட்லண்ட் 1928-லேயே எழுதினார். அந்தக் கணக்கில் இளமையில் வாங்கிய குத்துகளும் சேரும். ஆகவே ஸ்பாரிங் பத்து நாளுக்கு ஒருமுறை, அதுவும் பெரும்பாலும் உடம்புக்கு மட்டும் என்று குறைந்தது. தலைக்குக் குத்து வாங்கி யாருடைய தாங்குதிறனும் வளர்ந்ததில்லை.

பெரிய பெயர்களிடமிருந்து

1975 ஜூலை 1-ஆம் தேதி முகமது அலியும் ஜோ பக்னரும் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் மோதியபோது எனக்கு 14 வயது. தோட்டத்து மனமகிழ் மன்றத்தின் கறுப்பு வெள்ளைப் பெட்டிக்கு முன் லயமே உட்கார்ந்திருந்தது. நம் ஊர் வெக்கையில் 15 சுற்றும் நின்று அலி புள்ளிக் கணக்கில் வென்றார். அப்போது அவருக்கு 33. ஐந்தே ஆண்டு கழித்து, 1980 அக்டோபர் 2-ஆம் தேதி, அப்போதைய உலகச் சாம்பியன் லாரி ஹோம்ஸுக்கு எதிராக 38 வயதில் அவர் ஏறியபோது உடம்பு மெலிந்து அழகாகத்தான் இருந்தது. பத்து சுற்று முடிந்ததும் அவருடைய மூலையே, அதாவது அவருடைய பயிற்சியாளரே, சண்டையை நிறுத்த வேண்டியதாயிற்று. வேகமாக எடை இறக்கியதும் தைராய்டு மாத்திரையும் சேர்ந்து அவரை வற்றடித்திருந்தன. உடல் தோற்றத்தை வைத்துத் தாங்குதிறனை எடைபோடக் கூடாது என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று எனக்குத் தெரியாது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஜார்ஜ் ஃபோர்மன். பத்தாண்டு ஒதுங்கியிருந்து 1987-இல் திரும்பிய அவர், 1994 நவம்பர் 5-ஆம் தேதி 45 வயதில் உலக ஹெவிவெயிட் சாம்பியன் மைக்கேல் மூரரைப் பத்தாம் சுற்றில் வீழ்த்தினார். மூன்று நடுவர்களின் அட்டையிலும் அதுவரை பின்தங்கியே இருந்தார். இந்தச் சண்டையைத்தான் எல்லோரும், பலம் கடைசிவரை போகாது என்பதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். நான் அதில் பார்ப்பது சிக்கனத்தை. தேவையில்லாத ஓர் அடிகூட எடுத்துவைக்காமல், நீட்டிய இடக்கையால் நேரத்தைக் கடத்தி, ஒரு வலக்கைக்காகக் காத்திருந்தார். தனித்த ஒரு கனமான குத்துக்கு உடல் எடையும் இடுப்புத் திருப்பமும் கால் ஊன்றலும் போதும். அவை வயதோடு மெதுவாகவே போகின்றன. அடுக்கடுக்கான குத்தும் கால்வேகமும்தான் முதலில் போகின்றன. திரும்பி வந்த காலத்தில் ஃபோர்மன் இடைவேளையில் ஸ்டூலில் உட்காராமல் மூலையில் நின்றுகொண்டே இருப்பார். அதைத் திமிர் என்றார்கள் சிலர். அந்த அறுபது வினாடியை எதிராளி பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதை அவர் அறிந்திருந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பெர்னார்ட் ஹாப்கின்ஸ் 2011-இல் 46 வயதில் ஜான் பாஸ்கலையும், 2013-இல் 48 வயதில் டவோரிஸ் கிளவுடையும் வென்றார். சுற்றுக்குச் சில குத்துகளே விட்டு, நெருங்கும்போது கட்டிப்பிடித்து, சண்டையின் வேகத்தைத் தன் மூச்சுக்கு இழுத்துவந்தார். பிலிப்பைன்ஸ் வீரர் மேனி பக்கியாவ் 2018 ஜூலையில் நம் கோலாலம்பூர் புக்கிட் ஜாலிலில் 39 வயதில் லூகாஸ் மத்தீசேவை ஏழாம் சுற்றில் நிறுத்தினார். மறு ஆண்டு 40 வயதில் கீத் தர்மனை வென்றார். ஆனால் வெறும் அனிச்சை வேகத்தின்மேல் தன் பாணியைக் கட்டியிருந்த ராய் ஜோன்ஸ் ஜூனியருக்கு, 2004-இல் 35 வயதில், ஆன்டோனியோ டார்வரிடம் இரண்டாம் சுற்றிலேயே சண்டை முடிந்தது. வேகம் மட்டுமே கவசமாக இருப்பவருக்கு முதுமை சீக்கிரம் வருகிறது.

இந்தப் பெயர்களை என் வீரர் அடிக்கடி சொல்வார். ஃபோர்மன், ஹாப்கின்ஸ் என்று விரல்விட்டு எண்ண முடிகிறது என்பதே அவர்கள் விதிவிலக்கு என்பதற்குச் சான்று என்று நான் திருப்பிச் சொல்வேன். அதோடு, அவர்கள் முழுநேர வீரர்கள். காலையில் நூறு குலை வெட்டிவிட்டு ஜிம்முக்குப் போனவர்கள் இல்லை.

ஜூன் மாத அளவும் ஜூலைச் சண்டையும்

ஜூன் கடைசி வாரம் அதே மூட்டை, அதே மூன்று சுற்று. குத்துகள் 118, 114, 109. பிப்ரவரியில் மொத்தம் 339, இப்போது 341. இரண்டே குத்துதான் வித்தியாசம். ஆனால் மூன்றாம் சுற்றில் 79-ஆக இருந்தது 109-ஆக ஏறியிருக்கிறது. அவர் கூடுதலாக உழைக்கவில்லை, உழைப்பைப் பங்கிட்டிருக்கிறார். நாடி மூன்றாம் சுற்று முடிவில் 176, ஒரு நிமிடம் கழித்து 148, இறக்கம் 28. உச்சம் பிப்ரவரியில் இருந்த இடத்திலேயே நிற்பதையும், இறக்கம் இருமடங்குக்கு மேல் கூடியதையும் கவனிக்க வேண்டும்.

பதினேழு ஆண்டில் தொலைந்த 32 துடிப்பு மீட்சியில் 16 துடிப்பை நான்கு மாதப் பயிற்சி திருப்பிக் கொடுத்தது. அந்தப் பாதி வயதின் கணக்கில் தவறாக எழுதப்பட்டிருந்தது; உண்மையில் அது விட்டுவிட்ட 14 ஆண்டின் கணக்கு. மிச்சமுள்ள 16-ஐயும் முழுதாக வயதின் தலையில் கட்ட எனக்கு மனமில்லை. எடை இன்னும் 11 கிலோ கூடுதல், தூக்கம் இன்னும் ஆறு மணி நேரத்தைத் தாண்டவில்லை. ஒரே ஆளின் கணக்கு என்பதால் இதற்குமேல் பிரித்துப் பார்க்க முடியாது.

போட்டிக்கு முன் அவருடைய மனைவியை வைத்துக்கொண்டே ஒரு நிபந்தனை போட்டேன். இரண்டாம் இடைவேளையின் கடைசி 15 வினாடியில் நாடி எண்ணிக்கை 41-ஐத் தாண்டினாலோ, நான் கேட்கும் கேள்விக்குப் பதில் தாமதித்தாலோ, துண்டு விழும்; அதாவது வளையத்துக்குள் துண்டை எறிந்து சண்டையை நிறுத்திவிடுவேன். அதற்காக அவர் என்மேல் கோபப்படக் கூடாது. "சரி மாஸ்டர்" என்றார்.

முதல் சுற்றில் எதிராளி வேகமாக வந்தார். நம்மவர் கயிற்றுக்குப் போகாமல் நடுவில் நின்று, ஜேபை (முன்கையின் நேர்க்குத்தை) உடம்புக்கு விட்டு, அரையடி அரையடியாக நகர்ந்து தடுத்தார். சுற்று எதிராளிக்குப் போனது. நாடி 15 வினாடிக்கு 44. ஓய்வு முடிவில் 38. இரண்டாம் சுற்றின் கடைசி அரை நிமிடத்தில் இருவரும் நின்று அடித்துக்கொண்டார்கள். நான் வேண்டாம் என்று கத்தினேன். ஆரவாரத்தில் யாருக்குக் கேட்கும்? மணி அடித்தபோது 45. நான் அவர் வாயிலிருந்து பற்காப்பை எடுத்துவிட்டு, "தம்பி, மூக்கால இழு, வாயால விடு" என்றதைத் தவிர ஒன்றும் பேசவில்லை. ஓய்வு முடிவில் எண்ணினேன். 40. மகளின் பெயரைக் கேட்டேன், உடனே சொன்னார். அனுப்பிவைத்தேன்.

மூன்றாம் சுற்று அவருடையது என்பது என் மதிப்பீடு. எதிராளி 27 வயதுக்குரிய வேகத்தை முதல் ஆறு நிமிடத்தில் செலவழித்திருந்தார். நம்மவரிடம் இருந்தது குறைவு, ஆனால் அது மிச்சம் இருந்தது. நடுவர்களில் ஒருவர் நம்மவருக்கும் இருவர் எதிராளிக்கும் கொடுத்தார்கள். முதல் இரண்டு சுற்றைப் பார்த்தால் அந்தத் தீர்ப்பில் எனக்குக் குறையில்லை.

இந்த நிகழ்வின் கடைசிப் பகுதியை எதிர்பார்த்து நான் எழுதத் தொடங்கவில்லை. போட்டிக்கு முந்தைய வாரம் அவருடைய காலை நாடி 58. போட்டிக்கு மறுநாள் காலை 71. தலைவலி, வாந்தி, மயக்கம், பேச்சுக் குழறல் எதுவும் இல்லை. இரண்டு நாள் அவர் வீட்டுக்குக் காலையும் மாலையும் போய்ப் பார்த்தேன். நான்காம் நாள் 68, ஏழாம் நாள் 65. 2007-இல் இதேபோன்ற போட்டிக்குப்பின் மூன்றாம் நாளே அவர் பழைய நிலைக்கு வந்திருந்ததாகப் பேரேட்டில் எழுதியிருக்கிறேன். இந்த முறை 58-ஐ எட்டப் பன்னிரண்டு நாள் ஆனது. வளையத்துக்குள் ஒன்பது நிமிடம் 27 வயதுக்காரருக்கு ஈடுகொடுத்த உடம்பு, அதற்கான கடனை அடைக்க நான்கு மடங்கு நாள் எடுத்துக்கொண்டது. மூன்று வாரம் கழித்து மருத்துவர் மறுபடி பார்த்ததில் சர்க்கரை 5.7, இரத்த அழுத்தம் 130/82.

டிசம்பரில் இன்னொரு போட்டிக்கு அழைப்பு வந்திருக்கிறது. எடையும் தூக்கமும் மாறாத வரை நான் மூலையில் நிற்கப்போவதில்லை என்று சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. பதின்மூன்றாம் நாள் மாலை மண்டபத்துக்கு வந்து கையுறையைக் கேட்டார். ஸ்கிப்பிங் கயிற்றைக் கொடுத்தேன். மூன்று நிமிடம் குதித்துவிட்டு, நான் கேட்கும் முன்பே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி தன் கழுத்தில் தானே விரல் வைத்து எண்ணத் தொடங்கினார்.